தாழ் போடாத வீடு

கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சிக்கு வந்த மூன்றாம் நாள் மத்தியானம் நான் வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். திருக்கோவிலூரில் எங்கள் வீட்டில் அது வழக்கம். சாப்பாடு முடிந்து, வெயிலுக்குத் தெரு காலியானதும் கதவைச் சாத்திவிட்டு ஆளுக்கொரு மூலையில் படுத்துவிடுவோம். இங்கேயும் விருந்தாளிகள் கிளம்பிப் போயிருந்தார்கள். கச்சிராப்பாளையம் சாலையில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் போகும் சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டு அத்தை சமையலறையிலிருந்து வந்தார். என் மாமியார்தான். கையெல்லாம் பாத்திரம் தேய்த்த ஈரம். திட்டவில்லை, முகத்தில் கோபமும் இல்லை. ஈரக் கையாலேயே தாழை நீக்கி, கதவை ஒரு சாண் திறந்து வைத்தார்.

"ஆளுங்க கீழ இருக்காங்கம்மா" என்றார்.

அந்த வீட்டுக்குக் கீழ்த்தளம் கிடையாது. அவர் உள்ளே போன பிறகும் நான் தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பளபளவென்ற வெள்ளைத் தரை. அதில் என் முகம்தான் மங்கலாகத் தெரிந்தது.

சாயங்காலம் என் கணவரிடம் கேட்டபோது அவர் சிரித்தார். "எங்கம்மாவுக்கு அது ஒரு பழக்கம். சுரங்கத்துல ஆளு இருக்கசொல்ல வூட்டைத் தாழ் போடக் கூடாது. ஆளுங்க மேல வந்த அப்பாலதான் போடணும்."

"மேலே எப்போ வருவாங்க?"

"ஒரு ஷிஃப்ட் மேல வரசொல்ல அடுத்த ஷிஃப்ட் கீழ எறங்கிடுமே. போட்டு நான் பார்த்ததே இல்ல."

ஊரில் எங்கள் வீட்டைத் தங்கக்காரர் வீடு என்பார்கள். மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, ஆப்பிரிக்காவில், தான்சானியா நாட்டில் தங்கச் சுரங்கங்கள் இருந்தன. பொண்ணு பார்க்க வந்தபோது எங்கள் தெருவில் அதைச் சொன்னால் யாரும் நம்பவில்லை. தங்கத்தைக் கடையில் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறோம், அடகு வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். மண்ணிலிருந்து எடுக்கிறவர் வீட்டில் சம்பந்தம் என்றால் எப்படி நம்புவது? கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில் மாமாவும் என் கணவரும் திரும்பிப் போய்விட்டார்கள். வருஷத்துக்கு இரண்டு முறை வருவார்கள். மற்றபடி அவ்வளவு பெரிய வீட்டில் அத்தையும் நானும்தான். அப்புறம் என் மகளும்.

அந்த வாசல் கதவு சாமானியக் கதவு அல்ல. கள்ளக்குறிச்சி மரச்சிற்பக்காரர்களிடம் சொல்லி மாமா பல மாதம் செதுக்க வைத்தது. இரண்டு பக்கமும் யானை, நடுவில் லட்சுமி, சுற்றிலும் கொடி. பித்தளையில் பெரிய தாழ்ப்பாள். ஊரில் பாதிப் பேர் அதைப் பார்ப்பதற்கென்றே வந்தார்களாம். தாழ்ப்பாளைப் பொருத்தும்போது அத்தை தச்சரிடம், "அழகுக்கு மாட்டிட்டுப் போங்க, பரவால்ல" என்றாராம்.

திறந்தே கிடக்கும் வீட்டில் வாழ்வது ஒரு மாதிரி. வெளியே நடப்பதெல்லாம் நம் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் நடக்கும். அரிசி ஆலையில் நெல் அவிக்கும் வாசனை நேராக என் படுக்கை வரைக்கும் வரும். பருத்தி வெடிக்கும் காலத்தில் தரையில் பஞ்சு உருண்டுகொண்டே போகும். ஆடிக் காற்றில் அந்தக் கனத்த கதவு தானாக உள்ளே வந்து, தானாக வெளியே போகும். யாரோ மூச்சு விடுவது போல இருக்கும். முதல் வருஷம் எனக்கு அது பயமாக இருந்தது. மூன்றாம் வருஷம் அந்த அசைவு நின்றால்தான் தூக்கம் கலைந்தது.

அந்த வாசல் வழியாக யார் யாரோ வந்தார்கள். ஒரு மழை நாளில், கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு லாரியில் வந்த ஒரு பெண், காய்ச்சல் பிள்ளையோடு கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொண்டாளாம், அவ்வளவு வெள்ளையாக இருந்ததால். அத்தை அவளுக்குச் சோறு போட்டு, ஆட்டோ பிடித்து நிஜ ஆஸ்பத்திரிக்கு அவரே கூட்டிப் போனார். இன்னொரு நாள் குடித்துவிட்டு வந்த ஒருவர் சோபாவில் படுத்துத் தூங்கி, எழுந்து, "யம்மா, மன்னிச்சிக்கோங்க, எங்க வூடுன்னு நெனச்சேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் வீடு எப்படி இருக்கும் என்று நானும் அத்தையும் சிரித்துச் சிரித்து ஓய்ந்தோம்.

மாமா ஒரு காவல்காரரை வைத்துப் பார்த்தார். அவர் இரண்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். "தொறந்து கெடக்குற வூட்டுக்கு இன்னாத்துக்குங்க வாட்ச்மேனு? எனக்கே கூச்சமா இருக்குது" என்றார்.

அத்தைக்குக் கடிகாரம் இரண்டு. ஒன்று சுவரில் இருந்தது, மற்றது மண்டைக்குள். தான்சானியாவில் நேரம் நமக்குப் பின்னால். இங்கே மதியச் சமையல் முடிகிற நேரத்தில் அங்கே காலை ஆட்கள் இறங்கி நன்றாக வேலையில் இருப்பார்கள். சாயங்காலம் பூத்தொடுத்துக்கொண்டு இருக்கும்போது திடீரென்று கை நிற்கும். கொஞ்ச நேரம் எங்கோ பார்ப்பார். "இப்ப வந்துக்கினு இருப்பாங்க" என்பார். மறுபடி கை ஓடும். பக்கத்தில் எங்காவது போர் போடும் வண்டி வந்து பூமியைத் துளைத்தால் அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிட மாட்டார். வெறுங்காலோடு கூடத்தில் நடந்துகொண்டே இருப்பார். பாதத்தால் எதையோ கேட்கிறவர் போல.

மாமா போன் செய்தால் முதல் கேள்வி ஒன்றுதான்.

"எல்லாரும் மேல வந்தாச்சிங்களா?"

"வந்தாச்சி" என்பார் மாமா.

அதற்குப் பிறகுதான் சௌக்கியமா, சாப்பிட்டீர்களா எல்லாம். நான் பக்கத்திலேயே இருந்து கேட்டிருக்கிறேன். மாமா யோசிக்காமல், வாய்ப்பாடு ஒப்பிப்பது போலத்தான் சொல்வார். அத்தை மட்டும் அந்த ஒரு வார்த்தையை ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்கிக்கொள்வார்.

இதையெல்லாம் நான் ரசித்துக்கொண்டே இருந்தேன் என்று சொன்னால் பொய். மகள் பிறந்து நான்கைந்து மாதம் இருக்கும். ஒரு நாள் நாங்கள் பின்கட்டில் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது யாரோ உள்ளே வந்து பூஜையறை வெள்ளி விளக்குகளையும் என் கைபேசியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போனவன் குழந்தையின் தொட்டிலைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும்.

"விளக்கு போனா போவுது" என்றார் அத்தை.

"விளக்கை யாரு கேட்டாங்க? தொட்டில்ல புள்ள இருந்திருந்தா?" என்று கத்தினேன். அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. பதிலுக்குக் காத்திருக்காமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருக்கோவிலூருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அத்தை வந்தார், பஸ்ஸில், தனியாக. தங்கக்காரர் மனைவி பஸ்ஸில் வந்து இறங்கியதை எங்கள் தெரு வேடிக்கை பார்த்தது. என் அம்மா கொடுத்த காபியைக் குடித்து முடித்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"உன் ரூமுக்கு நல்ல பூட்டா போட்டுக்கோ. புள்ளய வச்சிக்கினு நீ உள்ள இரு. வாசலை நான் பாத்துக்கறேன். அதை மட்டும் சாத்தச் சொல்லாத பொண்ணு. என்னால முடியாது."

அன்றிலிருந்து அவர் தன் அறையில் படுக்கவில்லை. வாசலுக்கு நேராகக் கூடத்தில் பாய் விரித்துக்கொண்டார். மாமா வந்திருக்கும் நாட்களிலும் அப்படித்தான். மாமா இரண்டு நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள் தன் தலையணையை எடுத்துக்கொண்டு அவரும் கூடத்துக்கு வந்தார். கோடிக்கணக்கில் சொத்துள்ள மனிதர் வாசற்படிக்கு எதிரில் பாயில் படுத்துக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பணம் வந்த பிறகு எலவனாசூர்கோட்டைப் பக்கத்திலிருந்து எங்களுக்குச் சொந்தக்காரர்கள் முளைத்துக்கொண்டே இருந்தார்கள். மாமாவின் அப்பா அந்தப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து, ஒரு பஞ்ச காலத்தில் பிழைப்புத் தேடி கர்நாடகப் பக்கம் தங்கச் சுரங்கத்துக்குப் போனவர். மாமா பிறந்தது, அத்தை பிறந்தது, என் கணவர் பிறந்தது எல்லாமே சுரங்கத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில். இரண்டு தலைமுறையாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத குடும்பம். மாமா அங்கே சுரங்கத்தில் வேலை கற்று, பிறகு ஆப்பிரிக்காவுக்குக் கூலிக்குப் போய், ஒப்பந்தக்காரராகி, கடைசியில் முதலாளியாகித் திரும்பி வந்து இங்கே வீடு கட்டினார். கட்டியதும் வரலாறு தானாக வந்து சேர்ந்தது.

ஒருவர் எங்கள் முன்னோர் பாளையக்காரரிடம் கணக்குப் பார்த்தவர்கள் என்றார். இன்னொருவர் ஏரிக்கரை ஓரம் இருக்கும் நிலமெல்லாம் ஒரு காலத்தில் எங்களுடையது என்றார். வேட்டி மடிப்புக் கலையாத ஒரு பெரியவர், திருநாவலூர் கோயிலில் எங்கள் கொள்ளுத் தாத்தாவுக்குப் பரிவட்டம் கட்டினார்கள் என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமா எல்லாவற்றையும் ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தை காபித் தம்ளர்களை எடுக்க வந்தவர், தட்டோடு நின்றார்.

"நெலம் இருந்தா எவன் குழிக்குள்ள எறங்குவான்?"

பெரியவர் கண்ணைத் துடைப்பதை நிறுத்தினார்.

"எங்க மாமனார் அடுத்தவங்க கழனியில கூலிக்கு ஏத்தம் எறச்சவரு. கெணறு காஞ்சதும் எறைக்கத் தண்ணி இல்ல, அதான் போனாரு. எங்க மாமியார் எங்கிட்ட சொன்னது இதான்" என்றார். "இதுல இன்னா கொறச்சல்?"

பெரியவர் மறு காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அன்று பாத்திரம் கழுவும்போது நான் கேட்டேன். "மாமாவோட அப்பா எப்போ தவறினாரு அத்தை? படம்கூட ஒண்ணும் மாட்டலையே."

அத்தை தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "அவுரு இன்னும் ஷிஃப்ட் முடிச்சி வரல" என்றார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. அத்தை நிதானமாகச் சொன்னார். ஒரு நாள் பூமிக்கு அடியில் பாறை வெடித்தது. அவ்வளவு ஆழத்தில் பாறைக்குத் தாங்க முடியாமல் போகும், தானாக வெடிக்கும். மேலே வீடுகள் எல்லாம் குலுங்கின, பாத்திரங்கள் விழுந்தன. நிறையப் பேர் மேலே வந்தார்கள். சிலரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாமாவின் அப்பா இருந்த பக்கத்தை எட்ட முடியவில்லை. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு அந்த வழியை அடைத்துவிட்டார்கள். உடம்பைப் பார்க்காததால் மாமாவின் அம்மா பொட்டை அழிக்கவில்லை. காரியமும் செய்யவில்லை. கடைசி மூச்சு வரைக்கும் லைன் வீட்டின் தகரக் கதவைத் தாழ் போடவில்லை.

"சாவற அன்னிக்கி எங்கையப் புடிச்சிக்கினு கேட்டாங்க, தொறந்து வைப்பியா பொண்ணுன்னு. வைக்கறேன்னு சொல்லிட்டேன்" என்றார் அத்தை. பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீ பயப்படாத. உங்கிட்ட நான் கேக்க மாட்டேன்" என்று சிரித்தார்.

மகளுக்குக் காது குத்தும் விசேஷம் மலைமேல் நடந்தது. எங்கள் குலதெய்வம் எது என்பது இடம்பெயர்ந்ததில் மறந்து போயிருந்தது. அதனால் மாமா, வெள்ளிமலை போகும் வழியில் வாங்கிப் போட்டிருந்த சின்ன வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த அம்மனையே எங்களுக்கும் அம்மனாக்கிக்கொண்டார். தாய் மாமன் மடியில் உட்கார வைத்து, ஆசாரி ஒரு காதைக் குத்தி முடித்தார். மகள் மலையே அதிரக் கத்தினாள். அதே நேரத்தில் கீழ் வளைவிலிருந்து டிரைவர் ஓடி வந்தார். அந்த இடத்தில் கைபேசிக்கு சிக்னல் கிடையாது. கடுக்காய் மரம் நிற்கும் வளைவில் மட்டும்தான் கிடைக்கும். அங்கே காரில் இருந்தவருக்கு என் கணவர் ஆப்பிரிக்காவிலிருந்து விடாமல் போன் செய்துகொண்டிருக்கிறாராம்.

மாமா இறங்கிப் போனார். அத்தை பின்னாலேயே போனார். அழும் குழந்தையை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு நானும் போனேன். காலை பத்து மணிக்கும் பனி மூட்டம் விலகவில்லை. முன்னால் போகும் அத்தையின் புடவை தெரிந்தது, மாமா தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. வெண்மைக்குள் யாரோ நடந்தபடி கனவில் பேசுவது போல.

மரத்தடியில் கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டிருந்தார். என் கணவரும் அங்கத்து இஞ்சினீயரும் மாறி மாறிப் பேசினார்கள். சுரங்கத்தில் ஒரு பக்கம் கூரை சரிந்துவிட்டது. நான்கு பேர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். தட்டும் சத்தம் கேட்கிறது என்று ஒருவன் சொல்கிறான், இல்லை என்று இன்னொருவன் சொல்கிறான். மேலே பழைய குடைவில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. தோண்டினால் அது உடைத்துக்கொண்டு வரலாம். காப்பாற்றப் போகிறவர்களும் போய்விடுவார்கள், சுரங்கமும் போய்விடும். அந்தப் பகுதியை அடைத்துவிடுவதுதான் புத்தி என்று இஞ்சினீயர் ஆங்கிலத்தில் சொன்னார்.

அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் சுரங்கத்து லைனில் வளர்ந்தவருக்கு அந்த ஒரு சொல் தெரியும்.

"சீல்னு சொல்றானே" என்றார். "யாரைங்க சீல் பண்றான்?"

மாமா கைபேசியைக் கையால் பொத்தினார். "உனக்குப் புரியாது. உள்ள போறவனும் மனுசன்தானே? நாலு பேருக்காக இன்னும் பத்துப் பேரை எப்படி நான் எறங்கச் சொல்றது?"

அது நியாயமான பேச்சு. இன்றைக்கும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அத்தையும் அதை நியாயமாகத்தான் எடுத்துக்கொண்டார். மரத்திலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்போ நீ எறங்கு" என்றார். "நான் மேல நிக்கறேன்."

அத்தை மாமாவை 'நீ' என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான். மாமாவுக்கு அப்போது அறுபது தாண்டியிருந்தது. முட்டி வலி. அவர் அத்தையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை, நான் அங்கே இருந்ததுகூட அவருக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. பிறகு கைபேசியிலிருந்து கையை எடுத்து, "நான் வர்ற வரைக்கும் எதையும் மூடாதீங்க. முடிஞ்ச வரைக்கும் பின்பக்கமா வழி பாருங்க. தட்டிக்கினே இருங்க, பதிலுக்குத் தட்டுங்க" என்றார்.

அங்கிருந்தே கிளம்பி, வழியில் வீட்டில் பாஸ்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு இருவரும் சென்னைக்குப் போனார்கள். மாமா வற்புறுத்தி எடுத்துக் கொடுத்த பாஸ்போர்ட்டை அத்தை அதுவரை ஒரு முறைகூடப் பயன்படுத்தியதில்லை. ஒரு காது மட்டும் குத்திய மகளைத் தூக்கிக்கொண்டு நான் கீழே கள்ளக்குறிச்சிக்கு வந்தேன்.

வீடு திறந்துதான் கிடந்தது. யாரும் இல்லாத வீடு, திறந்த கதவு. அன்று அதைச் சாத்தியிருந்தால் என்னை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் கதவுப் பக்கம் போனேன், யானையின் தும்பிக்கை மேல் கை வைத்தேன், திரும்பி வந்துவிட்டேன். அத்தையின் பாயை விரித்து மகளைப் படுக்க வைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். என் கணவரும் அங்கேதான் இருந்தார். அவர் இறங்குவாரா மாட்டாரா என்று எனக்குத் தெரியாது. சாலையில் லாரி போனால் தரை லேசாக அதிர்ந்தது. இத்தனை வருஷமாக அது அதிர்ந்துகொண்டுதான் இருந்திருக்கும். எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அங்கே நடந்ததை என் கணவர் பிற்பாடு சொல்லித்தான் அறிவேன். மாமா போய்ச் சேர்ந்ததும் தொப்பியும் விளக்கும் மாட்டிக்கொண்டு, ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டில் ஏறினாராம். வேறு யாரையும் கூப்பிடவில்லை. இஞ்சினீயர் தடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தானும் ஏறினார். அவர் பின்னால் உள்ளூர் ஆட்கள் ஏறினார்கள். மேலே கம்பி வேலியோரம் மாட்டிக்கொண்டவர்களின் வீட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை நேராகப் போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்தார். முதலாளி மனைவிக்கு நாற்காலி கொண்டு வந்தவனைக் கையை அசைத்துப் போகச் சொன்னார். அவர்கள் பாஷை இவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு கிழவி தன் மேல்துணியை எடுத்து இவர் தலையில் வெயிலுக்குப் போட்டாளாம். இவரும் எடுக்கவில்லை.

மறுநாள் மூன்று பேரை உயிரோடு மேலே கொண்டு வந்தார்கள். நான்காவது ஆளைச் சடலமாகத்தான் கொண்டுவர முடிந்தது. சின்னப் பையன், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எல்லாரும் மேலே வந்த பிறகுதான் தண்ணீர் உடைத்தது. அந்தச் சுரங்கம் அதோடு சரி. பையனை அடக்கம் செய்த இடத்தில் அத்தை அவன் மனைவியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஊருக்கு வந்துவிட்டார்.

வந்தவரிடம் நான் கேட்டேன். "மாமாவுக்கு ஏதாவது ஆகியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"அதை நெனைக்காம ஒரு நிமிசம் நான் அங்க ஒக்காரல" என்றார். "அவரு எறங்கலன்னா வேற யாரு வூட்டு ஆளை எறங்கச் சொல்ல முடியும், நீ சொல்லு."

சுரங்கம் போனதும் கூட்டாளிகள் விலகினார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் மற்றவையும் கை மாறின. கள்ளக்குறிச்சி வீட்டை விற்றோம். அது இப்போது கல்யாண மண்டபம். முகூர்த்த நாட்களில் அந்த யானைக் கதவுக்கு வாழை மரம் கட்டுகிறார்கள். ஊரில் தங்கக்காரர் குடும்பம் கவிழ்ந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். சோற்றுக்குக் குறைவில்லை. மலை வீட்டுக்குக் குடிபோனோம். என் கணவர் மரவள்ளியும் மிளகும் போட்டார். எனக்கு என்னவோ, அவர் கண்ணெதிரே தரைக்கு மேல் நடமாடுவதே போதுமானதாக இருந்தது.

"இனிமேல் தாழ் போடலாம்ல அத்தை? நம்ம ஆளு யாரும் கீழ இல்லையே" என்று ஒரு நாள் விளையாட்டாகக் கேட்டேன்.

அவர் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். "நம்ம ஆளு இல்லன்னா கீழ யாருமே இல்லன்னு ஆயிடுமா?" என்றார். முறம் நிற்கவே இல்லை.

ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில் அத்தை போய்விட்டார். நெஞ்சு வலி என்று சொல்லி, கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் கோமுகி அணை தெரியும் திருப்பத்தில் என் தோளில் சாய்ந்தபடியே முடிந்தது.

காரியமெல்லாம் முடிந்து உறவுகள் போன பிறகு மாமா என்னைக் கூப்பிட்டார். முன்கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னார். வெளியே மேகம் இறங்கி, மிளகுக் கொடிகள் பாதி தெரிந்தும் தெரியாமலும் நின்றன.

"முப்பது வருசம் நான் வூட்டுல இல்ல" என்றார். "அவ இன்னா பண்ணுவா, இன்னா பேசுவா, எதுக்குச் சிரிப்பா, எனக்கு ஒண்ணும் தெரியல. உன்னாண்டதான் இருந்தா. நீ சொல்லு."

அப்படித்தான் நான் சொல்ல ஆரம்பித்தேன். சோபாவில் தூங்கிய குடிகாரரைச் சொன்னேன், மாமா கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆஸ்பத்திரி என்று நினைத்து வந்த பெண்ணைச் சொன்னேன். நான் கோபித்துக்கொண்டு போனதையும் அத்தை பஸ்ஸில் வந்ததையும் சொன்னேன். ஒவ்வொரு சாயங்காலமும் கொஞ்சம் கொஞ்சமாக. மாமா குறுக்கே பேச மாட்டார். என்னிடம் சொல்வதற்கு இருந்ததெல்லாம் ஒரு நாள் தீர்ந்து போயிற்று. பிறகு அவர் சொல்லத் தொடங்கினார்.

"எனக்குப் பத்து வயசு. பள்ளிக்கூடத்துல இருக்கசொல்ல பூமி குலுங்குச்சி. எல்லாரும் குழிப் பக்கம் ஓடினாங்க. நானும் ஓடினேன். அங்க கயிறு கட்டி யாரையும் உள்ள உடல. நான் சின்னப் பையன், கயித்துக்கு அடியில பூந்துட்டேன். எங்கப்பா உள்ள இருக்காருன்னு கூண்டை நோக்கி ஓடறேன். யாரோ என் கையப் புடிச்சி இழுத்தாங்க. திரும்பிப் பார்த்தா ஒரு பொண்ணு. என் வயசுதான் இருக்கும். யாரு எவருன்னு தெரியாது. வேற லைன் பொண்ணு."

மாமா தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அவங்கப்பா மேல வந்துட்டாரு. ஒண்ணும் ஆவல. தலையெல்லாம் புழுதி, அவ்ளோதான். வா பாப்பா வூட்டுக்குப் போலாம்னு கூப்டாரு. இந்தப் பையனோட அப்பா இன்னும் வரல, வரட்டும்னு சொல்லிட்டா. என் கைய உடவே இல்ல. அவரும் எத்தினியோ தடவ கூப்ட்டுப் பார்த்தாரு. அப்பறம் அவரும் எங்க பக்கத்துலயே ஒக்காந்துட்டாரு."

மேகம் வாசல் வரைக்கும் வந்து நின்றது.

"அப்புறம் மாமா?" என்று கேட்டேன்.

"அப்பறம் இன்னா?" என்றார் மாமா. "பெரியவனானதும் அந்தப் பொண்ணையே கேட்டுக் கட்டிக்கினேன்."